பின்னாலிருந்து ஒரு எத்து

அண்ணாச்சி, நீங்க ஜன்னல் பக்கம் போறீங்களா? எனக்கு இந்த ஓர சீட்டு வேணும். தப்பா எடுத்துக்கிடாதீங்க. இந்த வலது காலை மடக்கி ரொம்ப நேரம் உக்கார முடியாது, நடைபாதையில கொஞ்சம் நீட்டிக்கிடணும். சந்தோசம். பையை மேல வைக்கணுமா? குடுங்க, நானே வைக்கேன். கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

மெட்ராஸ் வரைக்குமா? நானும் அங்கதான். போய்ச் சேர பொழுது சாஞ்சிரும். நாளைக்குக் காலையில போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு விசாரணை. பயந்துராதீங்க, நான் குத்தவாளி கிடையாது. சாட்சி. ஜெசிந்தான்னு ஒருத்தி. அவ எனக்குச் செஞ்சதை நாலு பேருக்கு முன்னால சொல்லப் போறேன். இந்தக் காலு இருக்கே, இது அவ எத்துன எத்துல போன காலு.

ஆக்சிடென்ட்னு நினைச்சீங்களாக்கும். எல்லாரும் அப்படித்தான் நினைக்காங்க. நான் டான்ஸர் அண்ணாச்சி. சிரிக்காதீங்க. சினிமா டான்ஸ் இல்ல, பாலே. டிவியில பாத்திருப்பீங்க, வெள்ளைக்காரங்க ஆடுறது. பொம்பளப் பிள்ளைக கட்டைவிரல் நுனியில நிப்பாங்க. ஆம்பளைக்கு நுனியில நிக்கிற வேலை கிடையாது. அவன் குதிக்கணும். ஓடி வந்து குதிச்சான்னா அப்படியே அந்தரத்துல மாட்டி வச்ச மாதிரி நிக்கணும். பரதம்னா தரையை மிதிக்கிறது. இது தரையே வேண்டாம்ங்கிற ஆட்டம்.

நமக்கு எப்படி அது வந்துச்சுன்னு கேளுங்க. கோவில்பட்டி சுத்துவட்டாரத்துல கோயில் கொடைன்னா ஆடலும் பாடலும் வைப்பாங்கள்லா, அதுல ஆடுனவன் நான். சினிமாவுல குரூப் டான்ஸர் ஆயிரலாம்னு மெட்ராஸ் போனேன். யூனியன் கார்டு கிடைக்கலை. அப்பதான் பாலே சொல்லிக் குடுக்கிற டெரிக் மாஸ்டர்கிட்ட ஒருத்தன் கூட்டிட்டுப் போனான். வளசரவாக்கத்துல மாடியில பெரிய ஹாலு. சுவரு பூரா கண்ணாடி. மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "குதிடா பார்க்கலாம்"னாரு. குதிச்சேன். "இன்னொரு தடவை"ன்னாரு. குதிச்சேன். "டேய், கடவுள் உன் கால்ல ஸ்பிரிங் வச்சு அனுப்பியிருக்கான்டா"ன்னாரு. எங்க அப்பன்கூட என்னைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

என் பேரு சுடலைக்கண்ணு. "சுடலைக்கண்ணுன்னு நோட்டீஸ்ல போட்டா எவன்டா டிக்கெட் வாங்குவான்? இன்னையிலேர்ந்து நீ கெவின்." அவரு வச்ச பேரு. அந்த மாடியிலேயே ஒரு மூலையில படுக்க இடம் குடுத்தாரு. பேரு குடுத்தாரு, இடம் குடுத்தாரு, ஆட்டம் குடுத்தாரு. தெய்வம்னு சொன்னா என்ன தப்பு? சொல்லுங்க.

இந்த ஜெசிந்தா எனக்கு முன்னாடியே அங்க இருந்தவ. காசிமேட்டுக்காரி. அவ அண்ணன் மீன் வண்டி ஓட்டுதான். பெங்களூருல யாரோ ஒரு டீச்சர்கிட்ட முறையாப் படிச்சவளாம். அந்தத் திமிரு உண்டு அவளுக்கு. நாங்கள்லாம் கிளாஸ் ஆரம்பிக்கிற நேரத்துக்கு வருவோம்னா அவ ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து தரையில பாயை விரிச்சுப் படுத்துக்கிடுவா. படுத்துக்கிட்டு காலைத் தூக்கி கணுக்காலைச் சுத்துவா. இந்தப் பக்கம் சுத்துவா, அந்தப் பக்கம் சுத்துவா. பொறவு எந்திரிச்சு சுவத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முட்டியை மெதுவா மடக்கி மடக்கி நீட்டுவா. குதிகாலைத் தூக்குவா, இறக்குவா. அதையும் ஏதோ பாலு பொங்கிரும்ங்கிற மாதிரி அம்புட்டு மெதுவா. அந்த மே மாச வெயில்ல கால்ல கம்பளி உறை வேற! எங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

மாஸ்டர் ஒருநாள் எல்லாரு முன்னாலயும் கேட்டாரு. "ஜெசிந்தா, ரஷ்யாவுல பனி கொட்டுது, அவனுக்கு வார்ம்-அப் வேணும். நாம பொறந்ததே அடுப்புலம்மா. நமக்கு எதுக்கு?" ஹாலே சிரிச்சுது. நான்தான் ரொம்பச் சிரிச்சேன். தரையில உக்காந்து சிரிச்சேன். அவ கம்பளி உறையை இழுத்து விட்டுக்கிட்டு திரும்பக் குதிகாலைத் தூக்க ஆரம்பிச்சுட்டா. எப்படிப்பட்ட அழுத்தக்காரின்னு பாத்துக்கிடுங்க.

மாஸ்டர் சொல்லுறதுல நியாயம் இருக்கு. நேரத்தை எதுக்கு வீணாக்கணும்? வந்தமா, பாட்டுப் போட்டமா, குதிச்சமான்னு இருக்கணும். "சிங்கம் மானைப் பிடிக்க ஓடுறதுக்கு முன்னாடி வார்ம்-அப் பண்ணுதா?"ன்னு கேப்பாரு.

நடுவுல எனக்குக் குதிகாலுக்கு மேல ஒரு வலி வந்துச்சு. இந்தா, பாருங்க, இந்த இடம். கயிறு மாதிரி ஒரு நரம்பு கெண்டைக்கால்ல இருந்து குதிகாலுக்கு இறங்குதுல்லா, அதுல. காலையில எந்திரிச்சு முத அடி வைக்கும்போது ஊசி ஏத்துன மாதிரி இருக்கும். நடக்க நடக்கச் சரியாயிரும். நான் யார்கிட்டயும் சொல்லலை. ஆனா அவ பாத்துட்டா. நான் படியிறங்குறதை வச்சே கண்டுபிடிச்சுட்டா. கேக்காமக் கொள்ளாம என் காலை எடுத்து மடியில வச்சு ரெண்டு விரலால அமுக்குனா. "கெவின், இங்க முடிச்சு விழுந்திருக்குடா. வீங்கியிருக்கு. ஒரு மாசம் குதிக்காத. நான் ஒரு பயிற்சி சொல்லித் தர்றேன், அதை மட்டும் பண்ணு"ன்னா.

எப்பச் சொல்லுதா பாருங்க! எங்க டான்ஸ் கம்பெனி தொடங்குனதுலேயே பெரிய ஷோ வருது. ஒரு பில்டரோட ஆண்டு விழா, கடற்கரை ரோட்டுல பெரிய கன்வென்ஷன் ஹாலு. அதுல தனியாட்டம் எனக்கு. அப்பப் போயி ஒரு மாசம் குதிக்காதங்கா. எனக்குப் புரிஞ்சு போச்சு. கூட ஆடுற பிரவின்னு ஒருத்தன், அவ கூடச் சேர்ந்து அந்தக் குதிகால் பயிற்சியெல்லாம் செய்யிறவன். அவனுக்கு இந்த ஆட்டத்தை வாங்கிக் குடுக்கணும்னு பாக்கா. வேற என்ன?

மாஸ்டர்கிட்ட போய்ச் சொன்னேன். அவரு உடனே தெரிஞ்ச கம்பவுண்டர் ஒருத்தரைக் கூட்டியாந்து அந்த நரம்புலயே ஒரு ஊசி போடச் சொன்னாரு. மந்திரம் போட்ட மாதிரி வலி பறந்துருச்சு அண்ணாச்சி. மறுநாள் முன்னைவிட உசரமாக் குதிச்சேன். அவ அதைக் கேட்டுட்டு, "அங்கேயேவா போட்டாங்க? அந்த நரம்புலயேவா?"ன்னு கேட்டா. முகம் வெளுத்துப் போச்சு. வயித்தெரிச்சல்.

டிக்கெட்டா? இந்தா எங்கிட்ட இருக்கு கண்டக்டர். அண்ணாச்சி, உங்களதையும் காட்டுங்க.

எங்க விட்டேன்? ஷோ. அன்னைக்கு எங்களுக்கு உடம்பு பூரா வெள்ளிப் பெயிண்ட். மேல சட்டை கிடையாது. வெளிச்சத்துல சிலை மாதிரி தெரியணும்னு மாஸ்டரோட யோசனை. அந்த ஹால்ல ஏசி இருக்கே, ஐஸ் பெட்டிக்குள்ள நிக்கிற மாதிரி. ஆறு மணிக்கு ஷோன்னு சொல்லி எங்களைத் திரைக்குப் பின்னால வரிசையா நிறுத்திட்டாங்க. சீஃப் கெஸ்ட் வரலை. ஏழாச்சு. வரலை. "யாரும் அசையாதீங்க. வேர்த்தா பெயிண்ட் வழிஞ்சிடும். உக்காராதீங்க, ஒட்டிக்கும்"னாரு மாஸ்டர். அப்படியே நின்னோம். பல்லு கடகடங்குது. எட்டும் ஆயிருச்சு. காலு எங்க இருக்குன்னே தெரியலை. ஆனா நான் அசையலை. மாஸ்டர் அந்தப் பக்கம் போகும்போது என் தோளைத் தட்டிட்டுப் போனாரு. அது போதும் எனக்கு.

இவ மட்டும் மூலையில போயி ஒரு பெட்ஷீட்டைப் போத்திக்கிட்டு லேசா குதிச்சுக் குதிச்சு நிக்கா. பெயிண்ட் போனாப் போவுதுங்கிற மாதிரி. அதோட விட்டாளா? எங்கிட்ட வந்து, "வாடா, பத்து நிமிஷம். உடம்பு சில்லுன்னு கிடக்கு. இப்படியே போய்க் குதிச்சா அந்தக் காலு தாங்காது"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கா. நான் உதறுனேன். குனிஞ்சு என் கணுக்காலைப் பிடிச்சுத் தேய்க்க ஆரம்பிச்சுட்டா. தோள்ல கை வச்சுத் தள்ளுனேன். அவ போய் சுவத்துல மோதுனா. சத்தம் கேட்டு மாஸ்டர் வந்து அவளைக் கிழிகிழின்னு கிழிச்சாரு. அத்தனை பேரு முன்னால. அந்தக் கோவம்தான் அண்ணாச்சி. அந்தக் கோவத்தைத்தான் அவ என் கால்ல காட்டுனா.

பாட்டுப் போட்டாங்க. ஓடுனேன். முதல் குதி நல்லா வந்துச்சு. ரெண்டாவதும் வந்துச்சு. மூணாவதுக்கு வலது காலை ஊனி எழும்புதேன், பின்னாலிருந்து ஒரு எத்து! குதிகாலுக்கு மேல, பூட்ஸ் காலால எத்துன மாதிரி. டப்புன்னு சத்தம் எனக்கே கேட்டுச்சு. எவ எத்துனான்னு விழுந்துக்கிட்டே திரும்பிப் பாக்கேன். பின்னால யாரும் இல்ல. மேடை காலியா கிடக்கு. தூரத்துல, அந்த ஓரத் திரைக்குப் பக்கத்துல அவ நிக்கா. பெட்ஷீட்டு தோள்ல பாதி தொங்குது. கையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கா.

எத்திட்டு அம்புட்டு தூரம் ஓடிப் போய் நின்னுட்டா பாத்தீங்களா! அவ காலு அப்படி. வேகம்னா வேகம்.

என்ன? எப்படி அதுக்குள்ள போயிருப்பான்னு கேக்கீங்களா? அதான் சொல்லுதேன்லா, வேகம்.

நான் விழுந்ததும் ஜனங்க கைதட்டுனாங்க. ஆட்டத்துல அது ஒரு பகுதின்னு நினைச்சுட்டாங்க. மாஸ்டரும் பாட்டை நிறுத்தலை. நிறுத்த முடியாதுல்லா, சீஃப் கெஸ்ட் உக்காந்திருக்காரு. மத்தவங்க மேடைக்கு வந்து என்னைச் சுத்தி ஆடி முடிச்சாங்க. ஒரு வழியா ஓரத்துக்கு உருண்டு போனேன். அவதான் வந்து தூக்குனா. அவளும் பிரவினும். அவ அண்ணனோட மீன் வண்டியில போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மாஸ்டர் வரணும்னுதான் இருந்தாரு. விருந்து இருந்துச்சு, அந்த பில்டர் விடலையாம்.

அந்த நாத்தத்துல, வெள்ளிப் பெயிண்ட்டோட, அவ மடியில தலை வச்சுப் படுத்திருந்தேன். வழி பூரா அழுதா. தப்புச் செஞ்சவளுக்குத்தானே அழுகை வரும்?

ஆஸ்பத்திரியில என்னைக் குப்புறப் படுக்கப் போட்டு டாக்டர் கெண்டைக்காலை அமுக்குனாரு. இடது காலை அமுக்குனா பாதம் ஆடுது. வலது காலை அமுக்குனா பாதம் செத்த மீன் மாதிரி கிடக்கு. "தசைநார் முழுசா அறுந்துடுச்சுப்பா"ன்னாரு. "எத்திட்டா சார், ஒருத்தி பின்னாலிருந்து எத்திட்டா"ன்னேன். அவரு சிரிக்காமச் சொன்னாரு, "யாரும் எத்தியிருக்க மாட்டாங்க. இது அறுந்தா எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. யாரோ உதைச்ச மாதிரித்தான் இருக்கும். ஏற்கெனவே நைஞ்சு போயிருந்திருக்கு. ஊசி ஏதாவது போட்டியா?" நான் முகத்தைத் தலையணையில புதைச்சுக்கிட்டேன். சின்ன வயசு டாக்டர். ஜெசிந்தா அவர்கிட்ட வராந்தாவுல நின்னு ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தா. நான் பாத்தேன். என்ன பேசியிருப்பான்னு எனக்குத் தெரியாதா?

மூணாம் நாளு மாஸ்டர் வந்தாரு. ஒரு மாதிரியா, கதவுப் பக்கமே நின்னாரு. அந்த ஊசியைப் பத்தி யார்கிட்டயாவது சொன்னியான்னு முதல்ல கேட்டாரு. இல்லைன்னேன். "அப்புறம் எப்படிடா ஆச்சு?"ன்னாரு. "ஜெசிந்தா எத்திட்டா மாஸ்டர்"னேன்.

என்னையே பாத்தாரு. "ஜெசிந்தாவா? நீ அப்படியா சொல்றே?"ன்னாரு. ஆமான்னேன். அதுக்குப் பொறவுதான் அண்ணாச்சி, கட்டில்ல வந்து உக்காந்தாரு. என் கையை எடுத்து அவரு கைக்குள்ள வச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கிருச்சு எனக்கு. மறுநாளே அவளைக் கம்பெனியை விட்டுத் தூக்கிட்டாரு. எனக்காக! மெட்ராஸ்ல ஒரு ஊருபேரு தெரியாதவனுக்காக இப்படிச் செய்ய யாரு இருக்கா?

அதுக்குப் பொறவு அவரால வர முடியலை. வேலை. ஆபரேஷன் பண்ணுன இடம் சீழ் வச்சு, திரும்பக் கிழிச்சு, திரும்பத் தச்சு, ஊருக்கு வந்துட்டேன். அக்கா வீட்டுக்காரரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு, அதுல உக்காந்திருக்கேன். அக்கா பிள்ளைக என் கெண்டைக்காலைப் பாத்து, மாமாவுக்கு ஒரு காலு சின்னப் பிள்ளைக் காலுன்னு சொல்லுதுக. அந்தக் காலை மட்டும் ஊனி குதிகாலைத் தூக்கச் சொன்னா வராது. மூளை தூக்குங்குது, காலு கேக்க மாட்டேங்குது. மாஸ்டருக்குப் போன் போட்டா எடுக்க மாட்டாரு. அவருக்கு ஆயிரம் ஜோலி.

ஆனா மறக்கலை அண்ணாச்சி. எப்படித் தெரியும்னு கேளுங்க. கம்பெனி வீடியோ போனுல வரும், பாத்துக்கிட்டே இருப்பேன். என் இடத்துல ஒரு புதுப் பையன் ஆடுதான். அவனுக்கும் கெவின்னுதான் பேரு வச்சிருக்காரு. பாசம் இல்லைன்னா அந்தப் பேரை வைப்பாரா?

ஜெசிந்தா ஊருக்கே வந்தா ஒரு தடவை. கோவில்பட்டிக்கு! கடை வாசல்ல வந்து நிக்கா. நான் உள்ள போயிட்டேன். அக்காதான் உக்கார வச்சுப் பேசுனா. படியில குதிகாலை வச்சு எப்படி ஏத்தி இறக்கணும், எந்த வலி வந்தா நிறுத்தணும், எந்த வலின்னா பொறுத்துக்கிடணும்னு அக்காவுக்குச் செஞ்சு காட்டிட்டுப் போனாளாம். அக்கா அதைத் தெனம் சொல்லுவா. நான் செய்யலை. செய்வேனா?

இப்ப விசயத்துக்கு வாரேன். கம்பெனியில மகிழினின்னு ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்துல படிக்குது. முழங்காலுக்குக் கீழ எலும்புல கீறல் விழுந்திருக்கு, வலிக்குதுன்னு சொல்லியிருக்கு. சின்ன வலியெல்லாம் பாத்தா டான்ஸர் ஆக முடியாதுன்னு மாஸ்டர் ஆட வச்சிருக்காரு. மேடையிலேயே எலும்பு முறிஞ்சு போச்சாம். பாவம்தான், இல்லைங்கலை. அந்தப் பிள்ளையோட அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஜெசிந்தா போலீஸ்ல மாஸ்டர் மேல புகார் குடுத்துட்டா. பழிவாங்குதா. புகார்ல என் பேரையும் எழுதியிருக்காளாம், என் காலு போனதுக்கும் மாஸ்டர்தான் காரணம்னு. என்னைக் கேக்காம!

போன வாரம் போன் அடிச்சுது. எடுத்தா மாஸ்டர்! "கெவின், எப்படிடா இருக்கே?"ன்னாரு. கடையில நின்னவங்க என்னமோ சாவுச் சேதின்னு நினைச்சுட்டாங்க, அப்படி அழுதேன். "நீ வந்து உண்மையைச் சொல்லணும்டா. அவதான் உன்னை உதைச்சான்னு சொல்லு. மத்தவங்களைக் காயப்படுத்துறதே அவதான்னு தெரியட்டும்"னாரு. அதுக்கென்ன மாஸ்டர், வாரேன்னேன்.

நடந்ததை அப்படியே சொல்லிக் காட்டச் சொன்னாரு. உங்ககிட்டச் சொன்ன மாதிரியே சொன்னேன். முடிச்சதும், "அந்தத் திரும்பிப் பாத்தது வேணாம்"னாரு. "ஏன் மாஸ்டர், பாத்தேனே"ன்னேன். "பாத்தேன்னு சொன்னா எங்க நின்னான்னு கேப்பாங்க. நீ திரும்பவே இல்ல. விழுந்தே, மயங்கிட்டே. அவ்வளவுதான். அப்புறம் நீ இங்கேயே வந்துடலாம், சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடு"ன்னாரு. அங்கேயே வந்துரலாம்னாரு அண்ணாச்சி.

அது ஒண்ணுதான் கொஞ்சம் உறுத்துது. பாத்ததைப் பாக்கலைன்னு எப்படிச் சொல்லுறது? ஆனா அவ எத்துனது நிசம்தானே? நிசத்தைச் சொல்லுறதுக்கு ஒரு வரியை விட்டா என்ன? நேத்துலேர்ந்து சொல்லிச் சொல்லிப் பாக்கேன். மூணாவதுக்கு எழும்புதேன், பின்னாலிருந்து எத்து விழுந்துச்சு, விழுந்தேன், மயங்கிட்டேன். கேக்க நம்புற மாதிரி இருக்கா? ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

சரி, இதைக் கேளுங்க. காலையில பஸ் ஏறும்போது அவகிட்டேர்ந்து ஒரு மெசேஜ் வந்துச்சு. நான் வாரது யாரோ சொல்லியிருக்காங்க. பேசி அனுப்பியிருக்கா. பிடிங்க போனை, காதுகிட்ட வச்சுக்கிடுங்க.

கேக்குதா? "கெவின், நாளைக்கு வர்றியாமே. அவ்வளவு தூரம் பஸ்ல ஒரே இடத்துல உக்காந்துடாத. காலு இறுகிடும். வண்டி நிக்கிற எடத்துல எல்லாம் இறங்கி மெதுவா நட. உக்காந்திருக்கும்போதும் பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிக்கினே இரு. படி இறங்கும்போது கம்பியைப் பிடி. அப்புறம் வந்து உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்." அவ்வளவுதான். குடுங்க.

எப்படிக் காக்கா பிடிக்கா பாத்தீங்களா? சாட்சி சொல்ல வாரேன்னதும் அக்கறை எப்படிப் பொங்குது!

வண்டி நிக்குது போல. டீக்கடை. நீங்க இறங்கிட்டு வாங்க அண்ணாச்சி, நான் காலை ஒதுக்கிக்கிடுதேன். ஸ்ஸ்... ஒண்ணும் இல்ல, மரத்துக் கிடக்கு. நான் இறங்கலை. டீயெல்லாம் வேண்டாம். கோவில்பட்டியில உக்காந்தவன், அப்படியேதான் இருக்கேன், மதுரையிலயும் இறங்கலை. வலிக்கத்தான் செய்யுது, கல்லு மாதிரி இறுகிப் போச்சு. ஆனா இப்ப இறங்கி நடந்தா அவ பேச்சைக் கேட்டு நடந்த மாதிரில்லா ஆயிரும். நீங்க போயிட்டு வாங்க.